கல்லில் எந்த ஆண்டைப் பொறிப்பது? தர்மபுரம் பக்கத்துச் சிறு பப்டிஸ்ட் சபையின் கதை

பாலையடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் தர்மபுரம் தாண்டி உள்ளே இறங்கும் ஒரு கிரவல் ஒழுங்கையில் எங்கள் ஜெபவீடு இருக்கிறது. பெரிய கட்டடம் இல்லை. தகரக் கூரை, அரைச் சுவர், முன்னால் ஒரு பாலை மரம். ஐம்பது பேர் வந்துவிட்டால் பிள்ளைகள் வெளியே மரத்தடியில் பாய் போட்டு இருப்பார்கள்.

வருகிற காலபோக அறுவடை முடிந்ததும் முன்சுவரில் ஒரு கல் பதிப்பதென்று சபைக் கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது. சபை தொடங்கிய ஆண்டை அதில் பொறிக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். மூன்று பகுதியார் மூன்று கணக்குச் சொல்கிறார்கள்.

1977 ஆவணிக் கலவரத்துக்குப் பிறகு மலையகத் தோட்டங்களை விட்டு வந்த நாலு குடும்பங்கள் ஒரு கொட்டிலில் பின்னேர ஜெபம் வைத்தார்களே, அதுதான் தொடக்கம் என்கிறார்கள் சிலர். கல்மடுக்குளத்துத் தண்ணீரில் முதல் முழுக்கு (ஞானஸ்நானம்) நடந்த நாள்தான் தொடக்கம் என்பது இரண்டாவது கட்சி. 1983க்குப் பிறகு இன்னும் சனம் வந்து சேர்ந்து, மண் சுவர் வைத்து, கிடுகு மேய்ந்து கட்டடம் எழும்பிய ஆண்டைத்தான் போட வேண்டும் என்பது மூன்றாவது. என்னுடைய அப்பா மூன்றாவது கட்சி. அந்த மண்ணைக் குழைத்தவர் அவர்.

சபைப் பதிவேடு இருந்திருந்தால் இந்தக் கேள்வியே எழாது. நீல மட்டை போட்ட சீ.ஆர். கொப்பி அது. சேர்ந்தவர், முழுக்கு எடுத்தவர், கலியாணம், அடக்கம் எல்லாம் அதில் இருந்தது. போதகர் ஐயா பொலித்தீனில் சுற்றி, உரப்பைக்குள் வைத்து, 2009 தையில் ஊரை விட்டு வெளிக்கிடும்போது கொண்டுபோனார். இரணைப்பாலை வரை அந்தப் பை அவரிடம் இருந்ததைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்டவர் இல்லை.

ஆகவே கேட்கிறேன். உங்களிடம் ஏதும் கடதாசி, படம், அழைப்பிதழ் இருக்கிறதா? ஞாபகம் என்றாலும் பரவாயில்லை, எழுதுங்கள். 77இல் வந்தவர்களில் இரண்டு பேர்தான் இப்போது ஊரில் இருக்கிறார்கள்.


மாத்தளைவேர் எழுதியது:

தம்பி பாலையடி, கேட்டது நல்லது. பத்து வருசம் முந்திக் கேட்டிருக்க வேண்டியது.

கட்டடத்தை விட்டு ஒருதடவை பின்னுக்குப் போய்ப் பாருங்கள். வடக்கில் பப்டிஸ்ட் சபைகள் ஏன் இவ்வளவு குறைவு? மெதடிஸ்தர் 1814இல் யாழ்ப்பாணம் வந்துவிட்டார்கள். அமெரிக்க மிஷன் 1816இல். இங்கிலாந்துச் சபையின் மிஷன் 1818இல். பப்டிஸ்ட் மிஷனுக்காக ஜேம்ஸ் சேற்றர் இவர்களுக்கெல்லாம் முந்தியே, 1812இல், இலங்கைக்கு வந்தார். வில்லியம் கேரி இருந்த செராம்பூரில் இருந்து வந்தவர், ஆனால் இறங்கினது கொழும்பில். 1830இல் எபனேசர் டானியல் வந்தார். ஊழியம் கொழும்பைச் சுற்றி, பிறகு கண்டி, மாத்தளை என்று போனதே தவிர யாழ்ப்பாணத்தில் வேர் பிடிக்கவில்லை. அதனால் உங்கள் சபை யாழ்ப்பாணத்தின் கிளை இல்லை. தெற்கிலிருந்து லொறியில் ஏறி வந்த சபை அது.

அந்த நாலு குடும்பத்தில் ஒன்று எங்களுடையது. 73, 74இல் தோட்டத்தில் பட்டினி. ரொட்டிக்கு மாவில்லை. பிறகு தோட்டங்களை அரசு எடுத்தது, வேலை நாள் குறைந்தது. 77 ஆவணியில் நாங்கள் குடியிருந்த லயத்துக்கு நெருப்பு வைத்தார்கள். நான் பதினாறு வயதுப் பையன். அப்பா ஒரு தகரப் பெட்டியும் பாட்டுப் புத்தகமும் எடுத்தார், அம்மா அம்மியின் குழவியை மட்டும் சீலையில் முடிந்துகொண்டா. வவுனியா வந்து, அங்கிருந்து கிளிநொச்சி. பிறகு காடு வெட்டுகிற வேலை இருக்கிறது என்று கூட்டிவந்து விட்ட இடம்தான் உங்கள் ஊர்.

முதல் ஜெபம் வந்த கிழமையே நடந்தது. விளக்கு இல்லை. மனப்பாடமாகத் தெரிந்ததைப் பாடினோம். நான் கண்ட தொடக்கம் அதுதான். இருந்தும் 77ஐக் கல்லில் போடச் சொல்ல மாட்டேன். ஏனென்றால் அன்றைக்கு நாங்கள் சபையாகச் சேரவில்லை, பயந்துபோய் ஒன்றாக இருந்தோம். இரண்டும் ஒன்றல்ல.


வட்டக்கச்சிப் பிள்ளை எழுதியது:

நான் மெதடிஸ்த சபை. உங்கள் ஜெபவீட்டுக்கு அறுப்பின் பண்டிகைக்கு வந்திருக்கிறேன். பாலை மரத்தில் மணிக்குப் பதிலாக ஒரு தண்டவாளத் துண்டு தொங்குகிறதே, அதன் பக்கவாட்டில் ஓர் ஆண்டு பொறித்திருக்கிறது. 19 தெளிவாகத் தெரியும், மீதியைத் துரு தின்றுவிட்டது. அதைச் சுரண்டிப் பார்த்தால் உதவாதா?


பாலையடி எழுதியது:

இல்லை அண்ணா. அது இரும்பு வார்த்த ஆண்டு. வடபகுதி ரயில் பாதை காங்கேசன்துறை வரைக்கும் முழுதாக ஓடத் தொடங்கியது 1905இல். 1990இல் ரயில் நின்ற பிறகு தண்டவாளம், சிலிப்பர் எல்லாம் பங்கருக்குப் போனது. அதில் மிஞ்சின ஒரு துண்டை முறிகண்டிப் பக்கமிருந்து அப்பா சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு வந்தார். 2009இல் மரமும் தப்பியது, துண்டும் தப்பியது. கூரையும் சுவரும்தான் போனது.


துருசடி எழுதியது:

இரண்டாவது கட்சிக்காரன் நான். காரணத்தைச் சொல்கிறேன்.

எங்கள் சபையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் இல்லை. விசுவாசிக்கிறேன் என்று தானே வாய் திறந்து சொல்கிறவருக்குத்தான் கொடுப்பது. அதுவும் தெளிப்பு இல்லை, முழுக்கு. முழுக்கு எடுத்தவர்கள் சேர்ந்து உடன்பட்டால் அதுதான் சபை. மேலே பேராயர் கிடையாது. போதகரை அழைப்பது, காணிக்கைக் கணக்குப் பார்ப்பது, உதவிக்காரரைத் தெரிவது எல்லாம் அந்த அங்கத்தவர் கூட்டம்தான். ஆகவே முதல் முழுக்குக்கு முன்னால் ஜெபக்கூட்டம் இருந்தது, சபை இருக்கவில்லை.

அந்த நாளை என் அப்பா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். குளத்துக்குள் இறங்க ஏலாது, முதலை. துருசுக்கு, அதுதான் குளத்து மதகுக்கு, கீழே தண்ணீர் விழுந்து சுழல்கிற தொட்டி இருக்கிறது அல்லவா, கல் கட்டின தொட்டி, அதில்தான். வாய்க்கால் முழுதாகத் திறந்திருந்தால் ஆளை இழுத்துவிடும். மூடியிருந்தால் முழங்காலளவு கலங்கல்தான் நிற்கும். வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற வட்டவிதானையாரிடம் போய்க் கேட்டார்கள். அவர் சைவம். குளக்கட்டுப் பிள்ளையாருக்கு விளக்கு வைக்காமல் துருசுத் திறப்பில் கை வைக்காத மனிதர். "எத்தனை பேர்?" என்று கேட்டாராம். ஏழு பேர் என்றதும், துருசை அரைவாசிக்கு இறக்கிவிட்டு, ஏழு பேரும் எழும்பும் வரை கட்டில் குந்தியிருந்து பார்த்திருக்கிறார். கடைசி ஆள் கரையேறினதும் திரும்பவும் திறந்துவிட்டார். வயலுக்குப் போகிற தண்ணீரை எங்களுக்காக நிறுத்தி வைத்தவர் அவர். கல்லில் அவரைப் பற்றியும் ஒரு வரி வர வேண்டும் என்பது என் விருப்பம்.

ஆண்டைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு போகத்துக்கும் கமக்காரர் கூட்டம் வைத்துத்தான் தண்ணீர் திறக்கிற திகதியைத் தீர்மானிப்பார்கள். அதற்குக் கூட்ட அறிக்கை எழுதுவார்கள். அது எங்கேயாவது மிஞ்சியிருந்தால் தண்ணீர் திறந்த கிழமை தெரியும்.


வட்டக்கச்சிப் பிள்ளை எழுதியது:

துருசடி அண்ணா, உங்கள் விளக்கத்துக்கு நன்றி. எங்கள் பக்கம் குழந்தைக்கே தெளித்துவிடுவதால் இந்த நாளுக்கு இவ்வளவு பாரம் இருப்பது எனக்குத் தெரியவில்லை. ஒன்று யோசித்தேன். நாங்கள் எல்லோரும் ஞானஸ்நானம் என்றுதான் சொல்கிறோம். ஸ்நானம் என்றால் குளிப்புத்தானே. கத்தோலிக்கர் இப்போது திருமுழுக்கு என்கிறார்கள், ஆனால் தலையில்தான் ஊற்றுகிறார்கள். தமிழ்ச் சொல் உங்கள் பக்கம் நிற்கிறது.


ஏடுதேடி எழுதியது:

இந்தச் சொல்லுக்காகப் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. செராம்பூர்க்காரர் வங்காள வேதாகமத்தில் அந்தச் சொல்லை "அமிழ்த்துதல்" என்று பெயர்த்தார்கள். அப்படிப் பெயர்த்தால் அச்சுக்குப் பணம் தர முடியாது என்று வேதாகமச் சங்கம் சொல்லிவிட்டது. அதனால் பப்டிஸ்ட்காரர் 1840இல் தங்களுக்கென்று தனியாக ஒரு மொழிபெயர்ப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். தமிழில் அந்தச் சண்டைக்குத் தேவையே வரவில்லை.

சரி, காரியத்துக்கு வருகிறேன். கத்தோலிக்கப் பங்கு, அங்கிலிக்கன் சபை என்றால் ஊர்ப் புத்தகம் போனாலும் மேலிடத்தில் ஏதோ ஒரு தடயம் இருக்கும். உங்களுக்கு மேலிடம் இல்லை. சபையின் அதிகாரம் சபையிடமே இருப்பது உங்கள் நம்பிக்கை. அதனால் சபையின் ஏடும் சபையிடம் மட்டும்தான் இருந்தது. ஒரு உரப்பை போனதும் முழுவதும் போனதற்குக் காரணம் அதுதான். பழைய பப்டிஸ்ட் மிஷன் கடிதங்கள் ஒக்ஸ்போர்ட்டில் ரீஜன்ற்ஸ் பார்க் கல்லூரியில் இருக்கின்றன. அங்கே 77க்குப் பின் தொடங்கிய ஒரு குடியேற்றச் சபையைத் தேடி நாளை வீணாக்க வேண்டாம்.

தேட வேண்டிய இடங்கள் கிட்டத்தான் இருக்கின்றன. முதலாவது கலியாணம். முழுக்கை அரசு பதிவதில்லை, கலியாணத்தைப் பதிகிறது. போதகர் நடத்திய கலியாணத்தின் பிரதி பதிவாளரிடம் போகும், நடந்த இடமும் அதில் எழுதியிருக்கும். ஆனால் கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். அதற்கு முந்தியதென்றால் யாழ்ப்பாணக் கச்சேரி (மாவட்டச் செயலகம்) பக்கம்தான் கேட்க வேண்டும். இரண்டாவது காணி. அரச காணிக்கு உத்தரவுப் பத்திரம் கொடுத்த கோவையில், பக்கத்துக் காணியின் எல்லையாகவாவது "ஜெபவீடு" என்று எழுதியிருக்க வாய்ப்புண்டு. மூன்றாவது பாடசாலையின் சம்பவத் திரட்டு. இடம்பெயர்ந்த சனம் எங்கெங்கே தங்கியது என்று அதிபர்மார் எழுதிவைப்பார்கள். மலர், அழைப்பிதழ் போன்றவற்றுக்கு நூலகம் இணையத்தளத்தையும் ஒருமுறை பாருங்கள்.

இது கல்லுக்காக மட்டுமல்ல. 2008இல் வந்த சுற்றறிக்கைக்குப் பிறகு புதிதாக வழிபாட்டிடம் கட்ட அமைச்சின் அனுமதி வேண்டும் என்கிறார்கள். அதற்கு முந்தியே அங்கே ஜெபவீடு இருந்தது என்று காட்ட உங்களிடம் ஒரு துண்டுக் கடதாசியாவது இருக்கட்டும்.


நெத்தலியாறு எழுதியது:

நான் அந்த ஜெபவீட்டில் வளர்ந்தவள். கல்லில் ஒரே ஒரு ஆண்டைத்தான் போட வேண்டும் என்று ஏன் பிடிவாதம் என்று எனக்கு விளங்கவில்லை. எனக்குத் தெரிந்த சபை ஒரு இடத்தில் இருந்ததே இல்லை.

96இல் கிளிநொச்சி ஆமியிடம் விழுந்தபோது வந்த சனம் எங்கள் ஜெபவீட்டுக்குள் மாதக்கணக்கில் இருந்தது. வாங்குகளை வெளியே எடுத்து அடுக்கிவிட்டு, ஞாயிறு ஆராதனையைப் பாலையடியில் வைத்தோம். உள்ளே இருந்தவர்களில் முக்கால்வாசி சைவ ஆட்கள். அவர்களும் வந்து பாயில் இருப்பார்கள். மண்ணெண்ணெய் லேசில் கிடையாது. ஜாம் போத்தல் விளக்கில் நூல் திரி போட்டு, அந்த வெளிச்சத்தில்தான் போதகர் வாசிப்பார். எழுத்துத் தெரியாத இடத்தில் நிறுத்திவிட்டு ஞாபகத்தில் இருந்து சொல்வார்.

திருவிருந்துக்கு முந்திரிகைச் சாறு எங்கே? நாவல்பழக் காலத்தில் நாவல்பழச் சாறு. மற்றக் காலத்தில் அம்மம்மா செவ்வரத்தம்பூவை அவித்து, ஆறவிட்டு, இரண்டு துளி தேசிக்காய் விடுவா. கறுப்பாக இருக்கிற தண்ணீர் கண்முன்னால் இரத்தச் சிவப்பாக மாறும். அதைப் பார்க்கவென்றே நாங்கள் குசினிக்குள் நிற்போம். அது மாறுகிற நேரத்தில் அம்மம்மா ஒன்றும் பேசமாட்டா.

நான் முழுக்குக் கேட்டது, இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த செட்டிக்குளம் முகாமில் இருக்கும்போது. போதகர் ஐயாவுக்குக் காலில் காயம், தடியோடு நின்றார். சுற்றிவரப் பார்த்தார். பவுசர் தண்ணீருக்குக் கான்களை வரிசையில் வைத்துவிட்டுச் சனம் வெய்யிலில் நிற்கிறது. "பிள்ளை, குடிக்கிற தண்ணியில என்னெண்டு நான் உன்னைத் தாழ்ப்பன்? வீட்டை போவம்" என்றார். வீட்டுக்கு வந்தால் கல்மடுக்குளத்தின் கட்டு 2009 தையில் உடைந்தது உடைந்தபடி. துருசடியில் தண்ணீர் இல்லை. கடைசியில் நெத்தலியாற்றில், முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர் நின்ற ஒரு பள்ளத்தில், நான் முழந்தாளிட்டு இருந்து பின்பக்கமாகச் சாய்ந்தேன். முதுகில் கூழாங்கல் குத்தினது இப்போதும் ஞாபகம். இந்தப் பெயரை வைத்துக்கொண்டு எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

இப்போது யாரோ பணம் அனுப்பி, ஜெபவீட்டுக்குள்ளேயே மாபிள் பதித்த தொட்டி கட்டப் போவதாகக் கேள்விப்பட்டேன். கட்டுங்கள், வயதானவர்களுக்கு உதவும். ஆனால் துருசடியை விட்டுவிடாதீர்கள்.


மாத்தளைவேர் எழுதியது:

பிள்ளை நெத்தலியாறு, உன் அம்மம்மாவை எனக்குத் தெரியும். எங்களுக்கு முதல் மாரியில் பாய் தந்தவ அவதான்.

இன்னொன்றையும் எழுதாமல் விட்டால் என் மனம் கேட்காது. 80களில் வந்த சில குடும்பங்களுக்கு வாங்கில் எங்கள் பக்கத்தில் இருக்க விருப்பமில்லை. தோட்டக்காட்டார் என்று சொன்னார்கள். ஜெபவீட்டுக்குள்ளேயே சொன்னார்கள். காணியும் எங்களில் பலருக்குப் பிந்தித்தான் கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவே இல்லை. அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றுகொண்டுதான் காணிக்கை போட்டோம். கட்டடத்தின் ஆண்டைப் போட்டால் காசும் மரமும் தந்தவர்களின் சபையாக அது தெரியும். முழுக்கின் ஆண்டைப் போட்டால் தொட்டிக்குள் இறங்கின ஏழு பேரின் சபை. அந்த ஏழு பேரில் ஐந்து பேர் கூலிகள். அதனால் நான் துருசடித் தம்பியோடு நிற்கிறேன்.


பாலையடி எழுதியது:

ஐயா, இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கன நேரம் பேசாமல் இருந்தார். "அவர் சொல்லுறது உண்மை. நானும் அப்ப வாய் திறக்கேல்லை" என்றார். மூன்றாவது கட்சியில் இனி ஆள் இல்லை என்று எழுதச் சொன்னார்.


கனகாம்பரம் எழுதியது:

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். எழுதுவதா விடுவதா என்று தெரியவில்லை.

அம்மாவின் வேதாகமம் எங்களிடம் இருக்கிறது. முள்ளிவாய்க்காலில் இருந்து அவ வெளியே கொண்டுவந்தது அது ஒன்றுதான், இடுப்பில் சீலையோடு வைத்துக் கட்டியிருந்தா. முன்மட்டையின் உட்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறா. ஒவ்வொரு முழுக்கும் எங்கே நடந்தது, யார் யார் என்று. முதல் வரி இப்படி இருக்கிறது: "குளம் வான் பாஞ்ச வருசம், தை மாதம், துருசடி, எழுவர்." கீழே ஏழு பெயர். ஆண்டு இல்லை. அதற்குப் பிறகு துருசடி என்றே பல வரி. பிறகு வாய்க்கால், பிறகு ஒரு கிணற்றுத் தொட்டி. கடைசி வரி நெத்தலியாறு. அக்கா, உங்கள் பெயர் இருக்கிறது.

பின்மட்டையில் வேறு பட்டியல். அது பிள்ளைப் பிரதிஷ்டை. பிறந்த பிள்ளையைப் போதகர் கையில் வாங்கி ஜெபம்பண்ண, சபை முழுவதும் எழும்பி நின்று, இந்தப் பிள்ளையை நாங்களும் சேர்ந்து வளர்ப்போம் என்று சொல்லுமே, அது. என் தம்பியின் பெயர் அங்கே இருக்கிறது.

அவனுக்குப் பதினொரு வயது. மாத்தளனில் போய்விட்டான். முழுக்கு எடுக்கிற வயது இல்லை, ஆகவே அவன் அங்கத்தவர் இல்லை. பதிவேடு கிடைத்திருந்தாலும் அங்கத்தவர் பட்டியலில் அவன் பெயர் இருக்காது. பிறப்புச் சான்றிதழ் இருந்த பையும் போய்விட்டது. கத்தோலிக்கப் பிள்ளையாக இருந்திருந்தால் பங்குப் புத்தகத்திலாவது ஒரு வரி இருந்திருக்கும். அவன் இருந்தான் என்பதற்கு எழுத்தில் இருப்பது அம்மாவின் பென்சில் மட்டும்தான். பின்மட்டையில் அப்படி இருபத்துமூன்று பிள்ளைகள். ஒன்பது பேருக்குப் பக்கத்தில் அம்மா சின்னச் சிலுவை போட்டிருக்கிறா.

சபை வரலாறு எழுதும்போது முன்மட்டையை மட்டும் எடுப்பீர்களா, பின்மட்டையையும் எடுப்பீர்களா?


துருசடி எழுதியது:

தங்கச்சி, பின்மட்டையும் சபைதான். அங்கத்தவர் என்பது கூட்டத்தில் கை உயர்த்துவதற்கான கணக்கு. அந்தப் பிள்ளைக்காக எழும்பி நின்ற சனத்தில் என் அப்பாவும் நின்றிருப்பார். நின்று சொன்ன வார்த்தை போகாது. நெஞ்சில் பட்டதைச் சொல்கிறேன், தீர்மானிக்க வேண்டியது கூட்டம்.

வான் பாய்ந்த வருசம், அதாவது குளம் நிரம்பி வழிந்த வருசம், என்பது பெரிய தடயம். வட்டவிதானையாரின் மகன் இப்போதும் கட்டடியில்தான் வயல் செய்கிறார். கலிங்கால் வான் பாய்ந்த மாரிகளை அவர் வரிசையாகச் சொல்வார். சனிக்கிழமை போய்க் கேட்கிறேன்.


ஏடுதேடி எழுதியது:

கனகாம்பரம், பென்சில் எழுத்தைத் தொடாதீர்கள். மேலால் பேனை பிடிக்க வேண்டாம், லமினேற் செய்யவே வேண்டாம். காலை வெளிச்சத்தில் யன்னல் ஓரமாக வைத்து, வெளிச்சம் ஒரு பக்கமாகச் சரிந்து விழுகிற மாதிரி, ஃபிளாஷ் போடாமல் படம் எடுங்கள். மங்கிய இடத்தில் பென்சில் அழுத்திய பள்ளம் தெரியும். இரண்டு மட்டையையும் எடுங்கள். மூன்று பேரிடம் பிரதி கொடுத்து வையுங்கள், ஒருவர் வன்னிக்கு வெளியே இருக்கட்டும்.


கனகாம்பரம் எழுதியது:

எடுத்தேன். சில பெயர்கள் எனக்கு வாசிக்க வரவில்லை. அம்மா பார்க்காமலே சொன்னா. அவ கேட்கிறா: கல்லில் ஆண்டு மட்டுமோ, பெயரும் வருமோ என்று.


பாலையடி எழுதியது:

வருகிற ஞாயிறு கூட்டத்தில் முதல் விடயமாக அதைத்தான் எடுக்கிறோம். அம்மாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கோ, விடிய எட்டு மணிக்கு ஓட்டோ அனுப்புகிறேன். பெயர்களை அவவே வாசிக்கட்டும்.